ஆற்றங்கரையும் ஈயக்குட்டையும்: நீர்நிலைச் சட்டங்கள் வந்த கதை



ஈப்போவிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குக் குனோங் ராபாட் நன்கு பழக்கமான இடம். செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் கல் மலை. அதன் குடைவுகளில் சாம் போ தோங், கெக் லோக் தோங் முதலிய குகைக் கோயில்கள். அடிவாரத்தில் குடியிருப்புகளும் கடைகளும். இத்தகைய மலைகள் எழுந்து நிற்கும் தாழ்நிலம்தான் கிந்தா பள்ளத்தாக்கு. பிஞ்ஜி, ராயா போன்ற சிற்றாறுகள் கிந்தா ஆற்றில் சேருகின்றன. கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது. ஆறுகளுக்கு இடையே ஈயம் தோண்டிய பழைய குட்டைகள். அவற்றுக்கு அப்பால், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற மேட்டு நிலங்கள்.

தோட்டங்கள் கைமாறியும் வீடமைப்பு இடங்களாக மாறியும் போனபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, விலை குறைவாகக் கிடைத்த இடத்தில் குடியேறின. விலை குறைவாகக் கிடைக்கும் இடம் எது? ஆற்றோரம், குட்டையோரம், மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளம். சிலர் கிராண்டு வாங்கினார்கள். சிலர் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் இருந்தார்கள். சிலரிடம் எந்தக் காகிதமும் இல்லை. இவர்கள் எல்லாருக்கும் என்றோ ஒரு நாள் ஒரே கேள்வி எழுகிறது. "என் நிலத்துப் பள்ளத்தை நான் மண் கொட்டி நிரப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? முப்பது வருடம் குடியிருந்த இடம் எனக்குச் சொந்தமில்லாமல் எப்படிப் போகும்?"

இக்கேள்விகளுக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டங்கள் ஏன் பிறந்தன என்பது நம் நாட்டு வரலாற்றில்தான் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். சதுப்பு நிலம் என்றதும் முழங்கால் அளவு சேறும் கொசுவும் நம் நினைவுக்கு வருகின்றன. மலாய்க்காரர்கள் பாயா என்பார்கள். ஆனால் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விளக்கம் இதைவிட விரிவானது. இயற்கையாக அமைந்ததோ, மனிதர் வெட்டியதோ, எப்போதும் நீர் நிற்பதோ, சில மாதம் மட்டும் நிற்பதோ, தேங்கியதோ, ஓடுவதோ, எல்லாம் ஈரநிலமே. அப்படிப் பார்த்தால் நெல் வயலும் ஈரநிலம், ஈயக்குட்டையும் ஈரநிலம். நம் முன்னோர் வாழ்ந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரியும் கண்மாயும் இருந்தன. அவற்றின் நீர்பிடிப்புப் பகுதியைப் புறம்போக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். புறம்போக்கில் தனியாருக்குப் பட்டா கிடையாது; ஊருக்குப் பொது. நீருக்கு அருகில் உள்ள நிலம் மற்ற நிலத்தைப் போன்றதல்ல என்ற எண்ணம் நம்மவர்களுக்குப் புதியதல்ல.

ஆனால் மலாயாவுக்கு வந்து சேர்ந்த நம் பாட்டன் பாட்டிமாருக்குச் சதுப்பு ஓர் எமனாகவே தெரிந்தது. அதற்குக் காரணம் உண்டு. ரப்பர்ச் செடி கோலா கங்சாரில் நடப்பட்டது 1877இல். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தபோது, மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. கொசுதான் இந்நோயைப் பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைச் செயலில் காட்டினார். கிள்ளான் நகரையும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய துறைமுகத்தையும் சுற்றியிருந்த சதுப்பில் காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, நீரை வடியவிட்டார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. சதுப்பை வடித்தால் உயிர் பிழைக்கலாம் என்பது அன்று கண்கூடாகத் தெரிந்த உண்மை.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. கரையோரத்துச் சமவெளியில் பலன் தந்த அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது நேர்மாறாக நடந்தது. கரையோரக் கொசு நிழலில் தேங்கிய சதுப்பு நீரில் பிறப்பது. மலையோரக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பிறப்பது. ஓடையோரக் காட்டை வெட்டி வெளிச்சம் விட்டதும் அது பெருகியது, காய்ச்சலும் பெருகியது. ஆகவே மலைத் தோட்டங்களில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தவும், நீரின் மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. தோட்டங்களில் காலையில் முதுகில் தகரப் பீப்பாயைச் சுமந்து எண்ணெய் அடித்தவர்களைப் பற்றிப் பழைய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வேலை பிறந்த கதை இதுதான்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? எல்லா நீர்நிலையையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. ஓரிடத்தில் வடிப்பது நன்மை. வேறோர் இடத்தில் வடித்தால் தீமை. நிலத்தைத் தொடும் முன் நீரின் தன்மையை அறிய வேண்டும். பின்னால் வந்த சட்டங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்தன.

தோட்டத்துக்குக் காய்ச்சல் என்றால், கிந்தாவுக்கு ஈயம். 1880களிலிருந்து சீனத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக இப்பள்ளத்தாக்கில் வந்து குவிந்தார்கள். ஈப்போவும் கம்பாரும் பத்து காஜாவும் வளர்ந்தது ஈயத்தால்தான். ஈயம் எடுக்க முதலில் வேண்டியது நீர். மலைச்சரிவில் ஓடையைத் திருப்பி மண்ணைக் கரைத்து ஓடவிடும் லம்பான் முறை ஒன்று. நீரைப் பீச்சி மண்ணைக் குழம்பாக்கி, பம்பு வைத்து மேலே ஏற்றி, பாலோங் என்னும் நீண்ட மரத் தொட்டியில் ஓடவிட்டு ஈயத்தைத் தங்கச் செய்யும் முறை இன்னொன்று. 1913இல் பத்து காஜா பக்கம் மிதக்கும் ஈயக் கப்பல்கள் வந்தன. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, வாளிச் சங்கிலியால் அடிமண்ணை வாரி, ஈயத்தைப் பிரித்து, மீதியைப் பின்னால் கொட்டிக்கொண்டு நகரும் இயந்திரம் அது. 1938இல் கட்டப்பட்ட அத்தகைய கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங் பக்கம் காட்சிப் பொருளாக நிற்கிறது.

எந்த முறையானாலும் ஈயம் கைக்கு வரும். மண் ஆற்றுக்குப் போகும். ஆற்றின் படுகை உயரும். படுகை உயர்ந்தால் கரை தாழ்ந்தது போலாகும். மழை பெய்தால் நீர் ஊருக்குள் புகும். இதன் கொடுமையை முழுதாகக் காட்டும் சாட்சி பேராக்கை அடுத்த சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது. கோலா குபு என்ற ஊரை 1883இல் பழைய அணை உடைந்த வெள்ளம் அடித்தது. அதன் பிறகு மேலே இருந்த ஈயச் சுரங்கங்களின் மண் ஆண்டுக்காண்டு இறங்கி அந்த ஊரை மூடிக்கொண்டே வந்தது. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னர் அந்த இடத்தை விட்டுவிட்டு, மேட்டில் கோலா குபு பாரு என்னும் புது ஊரை அமைக்க நேர்ந்தது. ஒருவர் தம் நிலத்தில் செய்த வேலை, பல மைல் கீழே இருந்த மற்றவர்களின் ஊரையே விழுங்கிவிட்டது.

இப்படிப்பட்ட அனுபவங்களுக்கு நடுவேதான் அன்றைய மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1920இல் நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. பேராக்கும் அந்த மாநிலங்களில் ஒன்று. நூறாண்டு கடந்தும் அது நீர்ச் சட்டம் 1920 என்ற பெயரிலேயே வழங்குகிறது. நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் சில விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஆறுகள் அனைத்தின் உடைமையும் கட்டுப்பாடும் மாநில ஆட்சியாளருக்கே உரியவை. ஆறு உங்கள் நிலத்தின் நடுவே ஓடினாலும் அது உங்களுடையதல்ல. இரண்டாவது, உரிமம் இல்லாமல் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கவோ திருப்பவோ கூடாது. மரத்தை வெட்டி ஆற்றில் சாய்க்கவும் கூடாது. மூன்றாவது, மாநில அரசின் எழுத்து மூலமான அனுமதி இன்றி ஆற்றங்கரையில் சுவர் கட்டக் கூடாது. கரையிலிருந்து 50 அடிக்குள் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது.

இந்த 50 அடியைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆற்றோரத்தில் 100 அடி முகப்பும் 200 அடி ஆழமும் உள்ள மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 சதுர அடி. கரையை ஒட்டிய 50 அடிப் பட்டை 5,000 சதுர அடி. அதாவது காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் கால் பங்கில் அனுமதியில்லாமல் ஒரு கோழிக் கொட்டகை கூடக் கட்ட முடியாது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார். வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தனியாக அமைக்கப்பட்டது. ஜே.பி.எஸ். என்று நாம் சொல்வது இதைத்தான். ஆற்றின் அகலத்தைப் பொறுத்து இரு கரையிலும் எவ்வளவு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்பதற்கு இந்த இலாகா பின்னாளில் ஓர் அளவை வகுத்தது. 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் அகலமுள்ளதற்கு 10 மீட்டர். 10 முதல் 20 மீட்டர் வரை 20 மீட்டர். 20 முதல் 40 மீட்டர் வரை 40 மீட்டர். அதற்கும் அகலமான ஆற்றுக்கு 50 மீட்டர். இதுதான் ஆற்று ரிசர்வ். நம் ஊர்ப் புறம்போக்கின் மலேசிய வடிவம் என்று சொல்லலாம்.

அடுத்த பெரிய கட்டம் தேசிய நிலச் சட்டம். 1965இல் இயற்றப்பட்டு, 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலகட்டத்தை நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் கேள்விப்பட்டது அதுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் சேர்த்து இழந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது இந்த அழிவைத் தடுக்கத்தான். தொழிலாளர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக நிலம் என்ற நினைப்பே அன்று புதிது.

வேலையிழந்த எல்லாருக்கும் அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. ஆற்றோரத்திலும் சுரங்க நிலத்திலும் கொட்டகை போட்டுக்கொண்டவர்களுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான சொல் ஒன்றை வைத்திருந்தது. அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், அனுமதியோடு இருந்தாலும் அனுமதியின்றி இருந்தாலும், அதனால் உரிமை பிறக்காது என்கிறது அதன் 48ஆவது பிரிவு. பல நாடுகளில் நீண்ட கால அனுபவத்தால் நிலம் சொந்தமாகும் வழக்கம் உண்டு. இங்கே கிடையாது. காட்டை வெட்டிப் பயிரிட்டுவந்த மக்கள் பேராக் மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கொன்றில், 1982இல் கூட்டரசு நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அனுமதியின்றி அரசு நிலத்தில் இருப்பவருக்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாய முறையிலும் உரிமையில்லை என்பது அத்தீர்ப்பு.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். டி.ஓ.எல். என்று நாம் வழங்கும் அது அந்தந்த ஆண்டின் முடிவோடு காலாவதியாகிவிடும். பிறருக்கு விற்க முடியாது. எழுதி வைத்தும் போக முடியாது. உரிமம் பெற்றவர் காலமானால் உரிமமும் அவரோடு முடிந்துவிடும். அப்பா இருபது வருடம் கட்டணம் கட்டினார், ரசீதுகள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன என்று பிள்ளைகள் நம்பியிருப்பது உண்டு. ரசீது வாடகைக்குச் சாட்சி, உரிமைக்குச் சாட்சியாகாது. ஆகவே குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே நில அலுவலகத்தில் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்டு வைப்பது நல்லது. ஆற்று ரிசர்வாகக் கெஜட்டில் அறிவிக்கப்பட்ட இடமானால், அந்த ரிசர்வ் நீக்கப்பட்டாலொழிய அங்கே கிராண்டு கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

கிராண்டு உள்ளவர்களுக்கும் இச்சட்டம் சில வரம்புகளை வைக்கிறது. நிலத்துக்கு அடியில் உள்ள கனிமங்கள், தனியாக உரிமை வழங்கப்பட்டிருந்தாலன்றி, அரசுக்கே உரியவை. ஆற்றை எல்லையாகக் கொண்ட நிலத்தில் ஆறு போக்கை மாற்றி உள்ளே வந்துவிட்டால், நீருக்கடியில் போன பகுதி அரசு நிலமாகிவிடும். ஆறு விலகிப் புதிதாகத் தெரியும் தரையும் தானாக நமக்கு வந்து சேராது. அதோடு, கிராண்டில் விவசாயம், கட்டடம், தொழில் என்று ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கும். விவசாய நிலத்தை மனைகளாக்கி விற்க வேண்டுமானால் வகை மாற்றத்துக்கு அனுமதி பெற வேண்டும். நிபந்தனையை மீறினால் அபராதம் உண்டு. நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு.

இதுவரை சொன்ன சட்டங்கள் நீரை ஓடவிடுவதைப் பற்றியும், நிலம் யாருக்கு என்பதைப் பற்றியும் கவலைப்பட்டன. நீர்நிலையே காப்பாற்றத் தக்க ஒரு செல்வம் என்ற எண்ணம் 1970களில்தான் சட்டத்துக்குள் வந்தது. 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் பல நாடுகள் கூடி ஈரநிலங்களைப் பாதுகாக்க உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. சதுப்பு வெள்ள நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது, அழுக்கை வடிகட்டுகிறது, மீன் குஞ்சுக்குத் தொட்டிலாகிறது, கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பறவைகளுக்குச் சத்திரமாகிறது. இவற்றை உலகம் அப்போதுதான் கணக்கில் எழுதத் தொடங்கியது.

நம் நாட்டில் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் கழிவு நீர் விதிகள் பிறந்தன. தோட்டத்து ஆலைப் பக்கம் ஓடைத் தண்ணீர் நிறம் மாறி, நாற்றமெடுத்து ஓடிய காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த விதிகளின் அருமை புரியும். பிறகு 1987இல் ஓர் ஆணை. அது 1988 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டை வீட்டுக்கோ ஆலைக்கோ விவசாயத்துக்கோ மாற்ற வேண்டுமானாலும், 100 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஈரநிலத்தை வடிக்க வேண்டுமானாலும், அதனால் விளையும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்றது அந்த ஆணை. அதற்குப் பதிலாக 2015இல் புதிய ஆணை வந்தது. ஒரு சிறு மனைக்காரரை இது நேராகத் தொடாது. ஆனால் அவருக்கு மேலே பெரிய கம்பெனி ஒன்று சதுப்பை நிரப்பினால், வெள்ளம் அவர் வீட்டுக்குத்தான் வரும். அந்த வகையில் இந்த விதி அவருக்குக் கவசம்.

1994இல் மலேசியா ராம்சார் உடன்படிக்கையில் சேர்ந்தது. பஹாங்கில் உள்ள பெரா ஏரி நம் நாட்டின் முதல் ராம்சார் தலமாயிற்று. பின்னர் 2003இல் ஜொகூரில் தஞ்சோங் பியாய், பூலாவ் குக்கூப், சுங்கை பூலாய் ஆகியவையும், அதன் பிறகு சரவாக், சபா மாநிலங்களின் ஈரநிலங்கள் சிலவும் சேர்ந்தன.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம். அரசாங்கம் வெளிநாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நம் நிலத்தை எடுத்துக்கொள்வார்களா? அப்படி இல்லை. நம் அரசியலமைப்பில் நிலமும் ஆறும் மாநில அரசின் பொறுப்பு. ஓர் இடம் பாதுகாக்கப்பட்ட நிலம் என்று ஆக வேண்டுமானால் மாநில அரசு முறைப்படி ஒதுக்கிக் கெஜட்டில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு இல்லாத சதுப்பு, பறவைகள் எத்தனை வந்தாலும், சட்டத்தின் கண்ணில் சாதாரண நிலமே. இது நிலம் வைத்திருப்பவருக்கு ஆறுதல், சதுப்புக்கோ ஆபத்து. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கிந்தாவில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1985 அக்டோபர் 24ஆம் நாள் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோய், ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கப்பல்கள் நின்றன, குளங்கள் தங்கின. மனிதர் விட்டுப்போன அந்தக் குளங்களைப் பறவைகள் கண்டுபிடித்தன. பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையே உள்ள பழைய குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டின. இயற்கை ஆர்வலர்கள் அந்தப் பகுதியைக் கிந்தா இயற்கைப் பூங்கா என்று அழைத்து, காக்கும்படி கேட்டுவந்தார்கள். அதே வட்டாரத்துக் குட்டைகளில் மீனும் பெரிய நன்னீர் இறாலும் வளர்த்துப் பிழைத்தவர்களும் உண்டு. தஞ்சோங் துவாலாங் இறாலுக்குப் பெயர் பெற்ற ஊராயிற்று. மணல் எடுக்க வந்தவர்களும் உண்டு. நிரப்பி வீடு கட்ட வந்தவர்களும் உண்டு. ஒரே குட்டை, நான்கு விதமான ஆசை.

அந்தக் குட்டைகள் யாருக்குச் சொந்தம்? சுரங்க உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்பட்டது. காலம் முடிந்ததும் அத்தகைய நிலம் அரசிடம் திரும்பியது. ஆகவே பக்கத்தில் பல வருடமாகத் தோட்டம் போட்டு, வாத்து வளர்த்து, மீன் பிடித்து வருபவர் அதனால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். முறையான உரிமம் கேட்டுப் பெற வேண்டும்.

நிரப்பிய குட்டையில் மனை வாங்குபவருக்கும் ஓர் எச்சரிக்கை. ஈயம் கழுவிய நுண்ணிய சேறு பல ஆண்டுகள் ஆனாலும் இறுகுவதில்லை. மேலே காய்ந்த தரை போலத் தெரியும். கீழே களி போல இருக்கும். வீடு ஒரு பக்கம் இறங்கும், சுவர் வெடிக்கும். சுண்ணாம்புக் கல் பகுதியில் கல்லுக்குள் நீர் குடைந்த பொந்துகள் வேறு உண்டு. மேலே உள்ள மண் திடீரென்று உள்வாங்கும் நிகழ்ச்சிகள் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்திருக்கின்றன. நிரப்பும் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் கேட்பது வெறும் தொல்லைக்காக அல்ல. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, மண் வெட்டுவதற்கும் கொட்டுவதற்கும் நகராட்சியிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். தம் பள்ளத்தை ஒருவர் மேடாக்கினால், நீர் அடுத்த வீட்டுப் பள்ளத்தைத் தேடிப் போகும். கோலா குபுவில் பெரிதாக நடந்தது நம் தெருவில் சிறிதாக நடக்கும்.

சரி, அரசு ஒருவரது நிலத்தை ஆற்றுக்கோ வெள்ளத் தடுப்புக் குளத்துக்கோ பாதுகாப்புக்கோ எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன வழி? அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு, தகுந்த இழப்பீடு இன்றி யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கச் சட்டம் செய்யலாகாது என்கிறது. எடுக்கும் முறையை 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வகுத்திருக்கிறது. அறிவிப்பு வரும், விசாரணை நடக்கும், தொகை தீர்மானிக்கப்படும். விசாரணைக்குக் கட்டாயம் போக வேண்டும். நிலத்தில் நின்ற மரம், வீடு, கிணறு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தொகை போதாது என்று தோன்றினால், எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு, தீர்ப்பு நாளன்று நேரில் இருந்தவர் ஆறு வாரத்துக்குள் 'என்' படிவத்தில் ஆட்சேபம் கொடுத்து உயர் நீதிமன்றம் வரை போகலாம். ஆறு வாரம் கடந்தால் கதவு மூடிவிடும். காகிதம் புரியவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டு நஷ்டப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

நிலத்தை எடுக்காமல், கட்டக்கூடாது என்று மட்டும் சொன்னால்? அப்போது இழப்பீடு தானாக வராது. ஆனால் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுக் காரியத்துக்கு என்று குறிக்கப்பட்டதைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டு, அதனால் நிலம் எந்த நியாயமான பயனுக்கும் உதவாமல் போனால், அதை வாங்கிக்கொள்ளும்படி உரிமையாளர் திட்டமிடல் அதிகாரத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத உரிமை இது.

இந்த இரண்டு வழிகளுக்கும் முதல் படி, கிராண்டில் பெயர் இருப்பது. கிராண்டு உள்ளவர் பேரம் பேசலாம், ஆட்சேபிக்கலாம், நீதிமன்றம் போகலாம். காகிதம் இல்லாதவர் கருணையை மட்டுமே கேட்கலாம். சட்டத்தின் இந்த ஏற்றத்தாழ்வு ஏழைக்குப் பாரம்தான். சதுப்பை வடித்ததும் ஆற்றோரத்தில் உழைத்ததும் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். சட்டம் காத்ததோ முதலில் சுரங்கத்தை, பிறகு ஆற்றை, பிறகு பறவையை. நிலமில்லாதவர் அந்த வரிசையில் தமக்கும் ஓர் இடம் கேட்க வேண்டுமானால், ஆற்றுக்கு எதிராக நின்று கேட்க முடியாது. மாற்று மனை கேட்கலாம். மலிவு வீடு கேட்கலாம். சங்கமாகக் கூடிக் கேட்கலாம். ஆற்றங்கரையே வேண்டும் என்று கேட்டால், மழை ஒரு நாள் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிடும்.

ஆகவே நேயர்களே, நிலம் வாங்கும் முன் நான்கு காரியம் செய்யுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் செய்து, யார் பெயரில் நிலம் இருக்கிறது, என்ன வகை, என்ன நிபந்தனை என்று பாருங்கள். ஜே.பி.எஸ். அலுவலகத்தில் ஆற்று ரிசர்வ் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். நகராட்சியில் உள்ளூர் மேம்பாட்டுத் திட்டத்தைக் காட்டச் சொல்லி, அந்த மனைக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று பாருங்கள். நான்காவதாக, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் இந்த இடத்தில் முன்னே என்ன இருந்தது, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று விசாரியுங்கள். முதல் மூன்றும் காகிதம் சொல்லும். நான்காவதை அந்த ஊரில் மூத்தவர்கள்தான் சொல்ல முடியும்.

நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்று கிராமத்தில் சொல்வார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் நூறு ஆண்டுச் சட்ட வரலாறும் அதைத்தான் நமக்குச் சொல்கிறது.